என் குரலில் கதைத்த தங்கச்சி

இரண்டு வருடங்களுக்கு மேலாக என் தங்கச்சி என்னுடைய குரலில்தான் கதைத்தாள். அவளுக்குப் பசித்தால் என் குரல் பசிக்கிறது என்று சொல்லும். அவளுக்குக் கோபம் வந்தால் என் குரல் ஏசும். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். முன்னறையிலிருந்து நானே என்னைக் கூப்பிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்திலும் பழகிவிட்டது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. அவளுடைய பதினொராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை கடைசியில் அதில்தான் போய் முட்டியது.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், உப்பளங்களைத் தாண்டி எங்கள் வீடு. வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். வாப்பா உப்பளத்தில் வேலை செய்தார். கையெழுத்து வைக்கும் இடத்தில் பெருவிரலைத்தான் பதிப்பார். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். உயர்தரம் எழுதிவிட்டு, அதே பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புகளுக்குத் தொண்டர் ஆசிரியையாகப் போய்க்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை வருகிறது. அதை மறைத்து வைக்க எனக்குத் தெரியாது.

தங்கச்சி என்னைவிட நான்கு வயது இளையவள். பிறக்கும்போது மூச்சு முட்டிவிட்டது. பெருமூளை வாதம் என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கைகள் அவள் சொல் கேளாது. கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். தொண்டையிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. ஆனால் விளங்காத விஷயம் என்று அவளுக்கு ஒன்றும் இல்லை. ஓம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள். இல்லை என்றால் மூடுவாள். சுவரில் அரிச்சுவடி அட்டை ஒன்றை ஒட்டி, ஈர்க்கால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டி, அவள் கண் மேலே போகும் இடத்தில் நிறுத்தி, அப்படித்தான் அவளுக்கு எழுத்துப் படிப்பித்தேன். அவள் முதலாவதாகக் கூட்டிய சொல் 'வெளியே'. வெளியே போக வேண்டும் என்றாள். உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கி வாசலில் வைத்தோம்.

மாமா கண்டக்குழியில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதியொன்றில் சமையலுக்கு நின்றார். அங்கே யாரோ விட்டுவிட்டுப் போன, திரையின் ஒரு மூலை வெடித்த டெப் கணினி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை வரும் பேச்சுப் பயிற்சி மிஸ் அதில் ஒரு செயலியை ஏற்றினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் போட்டேன். திரையில் வரிசை வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். மஞ்சள் கோடொன்று வரிசைகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் தங்கச்சி இடது காலின் ஓரத்தால் ஒரு சுவிச்சை அமுக்குவாள். பிறகு கோடு அந்த வரிசைக்குள் பெட்டி பெட்டியாகப் போகும். வேண்டிய பெட்டி வந்ததும் இன்னொரு தடவை. தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் பீரிசு அளவான அந்தச் சிவப்புச் சுவிச்சைச் சக்கரக் கதிரையின் கால்தட்டில் இறுக்கிக் கட்டியிருந்தோம். உடம்பு முழுவதிலும் அவள் சொன்னதைக் கேட்டது அந்த இடது கால் ஒன்றுதான். அதுவும் எந்த நேரமும் இல்லை. வீதியில் லொறி ஹோர்ன் அடித்தால், கதவு படீரென்று சாத்தினால், உடம்பு ஒரேயடியாக விறைத்துவிடும். கால் தன் பாட்டுக்குப் போய் எதையாவது அமுக்கிவிடும்.

டெப்பிலேயே ஒரு குரல் இருந்தது. செய்தி வாசிக்கும் இந்தியப் பெண் மாதிரி. "அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது முதல் தடவை சொன்னபோது வாப்பா சிரித்துவிட்டார். உம்மா, "ஆரு அம்மா? இந்த வீட்டுல ஆருமில்லையே அப்பிடி" என்றா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "தலைப்புச் செய்திகள் தொடங்கப் போகுது, வாங்க" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். தங்கச்சி அன்று முழுவதும் சுவிச்சைத் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் என் குரலைப் பதிந்தோம். எங்கள் வீட்டில் நடக்கும் கதை எங்கள் வீட்டுக் கதையாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அதைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, இரண்டு லொறிகளுக்கு இடையில் வீதி அடங்கும் நேரம் பார்த்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு வசனமாகப் பதிந்தேன். தங்கச்சி பக்கத்தில் இருந்து கண்ணை மூடி மூடி நிராகரிப்பாள். ஏன் என்று கேட்டால் எழுத்துக் கூட்டிக் காட்டுவாள்: 'டீச்சர் மாதிரிச் சொல்லாத. ராத்தா மாதிரிச் சொல்லு.' அக்காவை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஏசுகிற பக்கம் ஒன்று வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். எருமை, வாயைப் பொத்து, ஒன்ட வேலையப் பாரு, எல்லாம் அதில் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்து திரும்பத் திரும்பப் பதிய வேண்டியதாயிற்று.

"நல்ல காரியம்" என்றா உம்மா, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு. "கதைக்க ஏலாத புள்ளைக்கு ஏசப் படிச்சுக் குடுக்கிறா. இதுக்குத்தான் ஒன்னப் படிக்க வெச்சது."

உப்புக் காற்று சார்ஜ் போடும் துளையைத் தின்றுவிடும் என்று டெப்பைத் துணிப் பைக்குள்தான் வைப்போம். அந்தப் பையையும் கதிரையையும் தள்ளிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போவேன். அவள் பதினொராம் வகுப்பில் கதவோரம் இருப்பாள். இடைவேளையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பார்கள். அவள் எதையாவது சொன்னால் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். "ராத்தா, அவ கேக்குறாளே, நேத்து வராததுக்குக் காரணம் காய்ச்சல் எண்டு சொல்லுங்க." நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் காலம் வந்தது. மேலதிக நேரமும், அவள் திரையில் எழுதுவதைப் பார்த்து விடைத்தாளில் எழுத ஓர் ஆளும் வேண்டும். அதற்கு அனுமதி எடுக்க வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவார் என்றார் அதிபர். அவர் ஏலாது என்று எழுதினால் பிறகு ஒன்றும் செய்வதற்கு இல்லை. பதினாறு வயதாகிறது, அடுத்த வருடம் அவளை வகுப்பில் வைத்திருக்கவும் முடியாது. வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அதிபர் நல்லவர். எனக்கும் படிப்பித்தவர். அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மகள், ஊருல ஒரு கதை இரிக்கி. படிச்ச புள்ள தன்ட சோதனைய எழுதி முடிச்சிட்டா, இப்ப தங்கச்சிட சோதனையையும் எழுதப் போறா எண்டு."

"சேரும் அப்பிடித்தான் நெனைக்கிறீங்களா?"

"நான் ஒன்னையும் நம்புறன், அவளையும் நம்புறன். என்ட நம்பிக்கையக் கொண்டு போய் சோதன ஹோல்ல வெக்க ஏலாது."

தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கிழமை ஏழு நாளும் ஏசுகிற பக்கத்தைத் திறக்கவே இல்லை. கதிரையில் இருந்தபடி பழைய வினாத்தாள்களை விரித்து வைக்கச் சொல்லி, பக்கம் மாற்றும் நேரம் தவிர என்னைக் கிட்ட வர விடவில்லை.

அலுவலர் வந்த நாள் காற்று அதிகமாக இருந்தது. அதிபரின் அறைக்குள் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனேன். உம்மா வெளியே விறாந்தையில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தா. வாப்பா உப்பளத்தில் லீவு கேட்டும் கிடைக்கவில்லை. அலுவலர் நடுத்தர வயதுக்காரர், புத்தளம் டவுன் ஆள், வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கச்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேர் என்ன மகள்?"

மஞ்சள் கோடு நகர்ந்தது. தங்கச்சி அமுக்கினாள். "அஸ்ஸலாமு அலைக்கும் சேர்" என்றது என் குரல். பிறகு அவளுடைய பெயரைச் சொன்னது.

அலுவலர் சலாத்துக்குப் பதில் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

"எந்த வகுப்பு?"

"பதினொண்டு. நான் சோதன எழுதணும்" என்றது என் குரல்.

"இது ஒங்கட குரல்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் சேர். நான் பதிஞ்சு குடுத்தது. மெஷின்ட குரல் எங்கட பேச்சு மாதிரி இல்லாததால..."

"அப்ப, நீங்க சொல்லி வெச்சதத்தான் இவ அமுக்குறா."

"இல்ல சேர். எத அமுக்குற எண்டு அவதான்..."

"நான் கேக்கப் போறது என்னெண்டு ஒங்களுக்குத் தெரியும். பேரு, வகுப்பு. அதுக்கு மறுமொழி பதிஞ்சு வெச்சிரிக்கீங்க. நான் பிழை எண்டு சொல்லல்ல, விளங்குதா? எனக்கு முன்னால கதைக்கிறது நீங்க. இவ இல்ல."

எனக்கு முகம் சுட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. எழுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் அவள் நினைத்ததை எழுதலாம் என்றேன். அவர் கணக்கொன்றைச் சொன்னார். தங்கச்சி தொடங்கினாள். ஆனால் அவளுக்கு உடம்பு இறுகிவிட்டது. கழுத்து இழுத்தது, கால் சுவிச்சை விட்டு விலகிக் கால்தட்டில் தட்டியது. கோடு சுற்றிச் சுற்றி வந்தது. நான் வழக்கம்போல அவளுடைய முழங்காலில் கையை வைத்தேன். அப்படி வைத்தால் அவளுக்கு இறுக்கம் விடும்.

"கைய எடுங்க" என்றார் அலுவலர்.

எடுத்தேன்.

"இதத்தான் நான் சொல்றது. வேறொரு இடத்துல இப்பிடித்தான் ஒரு புள்ளைக்கு நான் சரி எண்டு எழுதிக் குடுத்தன். பொறகு பாத்தா மச்சான்காரன் பக்கத்துல இருந்து எழுதியிருக்கான். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திச்சு." அதிபரிடம் திரும்பினார். "இவங்க வெளிய போகட்டும்."

"சேர், காலுல சுவிச் நகந்திச்செண்டா ஆராவது சரி பண்ணணும்" என்றேன்.

"அதிபர் இரிக்கார்."

தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போனேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

விறாந்தையில் உம்மா என் கையைப் பிடித்தா. "என்ன சொல்றாங்க?"

"நானில்லாம பாக்கப் போறாங்களாம்."

"நீயில்லாம அவ என்ன செய்வா?" என்றா உம்மா. அப்போது அது எனக்கும் நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

ஜன்னல் திறந்திருந்தது, ஆனால் உயரம். உள்ளே ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அலுவலர் ஏதோ கேட்டார். சுவிச் தட்டுப்பட்டது. பிறகு ஒன்றும் இல்லை. திரும்பத் தட்டுப்பட்டது. "உம்மா, பசிக்குது" என்றது என் குரல். உம்மா எழும்பிவிட்டா. பிடித்து இருத்தினேன். பிழையாக அமுக்கிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற மனிதருக்கு அது தெரியுமா? சோதனை எழுத வந்த பிள்ளை, கேள்வி கேட்டால் பசிக்கிறது என்கிறாள் என்று எழுதிவிடமாட்டாரா?

கோடு எந்த வரிசையில் நிற்கும், அவள் எதைத் தேடுவாள் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுத்துப் பக்கத்துக்குத் திரும்பிப் போக அவள் முதலில் பின்னால் போக வேண்டும், பிறகு கீழ் வரிசைக்கு. என் கால் தானாக நிலத்தில் அமுங்கியது. இப்போது, இப்போது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு போன் அடித்தது. அலுவலருடையது. சினிமாப் பாட்டு, பெரிய சத்தம். தங்கச்சியின் கதிரை அதிரும் சத்தம் கேட்டது. கால்தட்டு இரண்டு மூன்று தடவை அடிபட்டது. பிறகு என் குரல் தெளிவாக, நல்ல உரத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிந்த அதே தொனியில் சொன்னது: "வாயப் பொத்து, எரும."

போன் நின்றுவிட்டது.

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டா. "யா அல்லாஹ், ஒன்ட வாய்தான் அது" என்று என்னிடம் முணுமுணுத்தா. "ஒன்ட வாயேதான்."

நான் கதவடிக்குப் போனேன். கைபிடியைப் பிடித்தேன். உள்ளே போய் என்ன சொல்வது? அது நான்தான், அவள் இல்லை என்றா? அதைத்தானே அவர் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கைபிடியை விட்டேன். உள்ளே அதிபர் தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கினார். சத்தத்துக்குப் பயந்தால் அப்படித்தான், அவளுக்குத் தெரியாமல் வருவது என்று சொல்லியிருக்க வேண்டும். அலுவலர், "சரி, இன்னொரு கேள்வி" என்றார். "இந்தப் பக்கத்துல உப்பு எடுக்கிறாங்க. வேற கரையோரம் எவ்வளவோ இரிக்கி. ஏன் இங்க?"

பிறகு கேட்டது சுவிச் சத்தம் மட்டும். ஒரு தடவை, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு தடவை. சீராக வந்துகொண்டிருந்தது. அவள் எழுதுகிறாள் என்று எனக்கு விளங்கியது, ஆனால் என்ன எழுதுகிறாள் என்று தெரியவில்லை. வெளியாள் ஒருவருக்கு அவள் எழுத்துக் கூட்டிப் பதில் சொல்லும் நேரத்தில் அந்தத் திரைக்கு முன்னால் நான் இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. சுவிச் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு திரும்பத் தொடங்கியது.

அதன் பிறகு அந்த இந்தியப் பெண் கதைத்தாள்.

டெப்போடு வந்த அந்தக் குரலை நிறுத்தி வைத்திருந்தோம். அதை எந்தப் பக்கத்தில், எந்தப் பெட்டியில் திறப்பது என்று தங்கச்சிக்கு நான் காட்டிக் கொடுத்ததே இல்லை. அவளாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"மழை குறைவு. வெயிலும் காற்றும் அதிகம். களப்பு நீர் ஆழம் குறைந்தது, உவர்ப்புக் கூடியது" என்று செய்தி வாசிக்கும் தொனியில் சொன்னது. கொஞ்சம் நின்றது. சுவிச் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பேச்சை எழுத்து எழுத்தாகத் தடுக்கி விழுந்து வாசித்தாள்: "சேர், ஒங்கட சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டிரிக்கி."

யாரோ சிரித்தார்கள். அதிபராகத்தான் இருக்க வேண்டும், உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். எருமை என்று ஏசியது போதாதென்று இது வேறு. விறாந்தைத் தூணில் சாய்ந்துகொண்டேன்.

உள்ளே கதிரை இழுபட்டது. அலுவலர் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அதிபர் பிறகு சொன்னார்.

"காலையிலருந்து எத்தின பேரப் பாத்தன், ஒருத்தரும் சொல்லல்லையே" என்றார் அலுவலர். "இத ராத்தா பதிஞ்சு வெச்சிரிக்க மாட்டாங்க." அவருடைய குரல் மாறியிருந்தது. சிரிக்கவில்லை, ஆனால் இப்போது என்னைப் பற்றிச் சொல்லவில்லை, அவளோடு கதைத்தார். "மகள், ஒனக்கு வேற குரல் இரிக்கே. அப்ப ஏன் ராத்தாட குரல வெச்சிரிக்கிற?"

சுவிச் தொடங்கியது. உம்மா என்னைப் பார்த்தா. நான் ஜன்னலைப் பார்த்தேன். விறாந்தையின் நிழல் வாங்கின் காலிலிருந்து விலகும் அளவுக்கு நேரம் எடுத்தது.

"ராத்தாட குரல் நல்ல வடிவு" என்றாள் இந்தியப் பெண். "ஆனா நான் கதைச்சா எல்லாரும் ராத்தாட மொகத்தத்தான் பாக்குறாங்க."

உம்மா என் கையைத் திரும்பவும் தேடினா. நான் கொடுக்கவில்லை. எழும்பி, தண்ணீர் குடிப்பவள்போல பைப்படிக்குப் போனேன்.

கதவைத் திறந்தபோது அலுவலர் என்னிடம் வந்து நின்று சொன்னார். அறிக்கை எழுதுவார். அனுமதி வரும், வராது என்று அவரால் சொல்ல முடியாது. வந்தால் இரண்டு விஷயம். எழுதும் ஆள் சொந்தக்காரராக இருக்கக்கூடாது, இந்தப் பள்ளிக்கூடத்து ஆளாகவும் இருக்கக்கூடாது. அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடக் கேற்றுக்குள் வரக்கூடாது. மற்றது, டெப்புக்குள் எழுத்துகளும் இலக்கங்களும் மட்டும்தான் இருக்க வேண்டும். பதிந்த வசனம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

"எல்லாத்தையும் அழிக்கணும், விளங்குதா? பாக்கிறவங்களுக்குச் சந்தேகம் வர இடமிரிக்கக் கூடாது."

"விளங்குது சேர்" என்றேன். தங்கச்சி கண்ணை மேலே தூக்கினாள். அதன் அர்த்தம் அதற்குள் அவருக்குப் பிடிபட்டிருந்தது. "ஓம் எண்டு சொல்றா" என்று என்னிடமே சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் கதிரையை வேகமாகத் தள்ளினேன். மணலில் சக்கரம் புதைந்த இடத்தில் உம்மா முன்னால் தூக்க, நான் பின்னால் தள்ளினேன். கோபமா என்று உம்மா என்னைக் கேட்டா. களைப்பு என்றேன். கோபம்தான். யார் மேல் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அனுமதி வரும் வரைக்கும் வீட்டில் சோறு இறங்கவில்லை. வாப்பா தினமும் வேலை முடிந்து வந்து, சாரனில் படிந்த உப்பைத் தட்டக்கூட மறந்து, "அதிபர் ஏதும் சொன்னாரா?" என்றுதான் முதலில் கேட்பார். தங்கச்சி படித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் மட்டும் எனக்கு எழுதிக் காட்டினாள்: 'இல்ல எண்டு வந்தா எனக்கிட்ட முதல்ல சொல்லு. வாப்பாக்கிட்ட நான் சொல்றன்.'

அதிபர் கூப்பிட்டு, வந்துவிட்டது என்று சொன்ன நாள் நான் வகுப்பை விட்டுவிட்டு வெயிலில் ஓடினேன். வாசலில் நின்று, "கெடச்சிட்டு" என்றேன். தங்கச்சியின் உடம்பு முழுவதும் விறைத்து, கையும் காலும் நாலு பக்கமும் பறந்து, கதிரை பின்னால் சாயப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். சந்தோஷம் வந்தாலும் அவளுக்கு அப்படித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை டெப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "எல்லாத்தையும் முதல்ல என்ட போன்ல ஏத்தி வெக்கிறன். சோதன முடிஞ்ச பொறகு திரும்பப் போடலாம்."

கண்ணை மூடினாள்.

"ஏன்?"

'வாணாம்' என்று எழுதினாள். கொஞ்சம் பொறுத்து, 'ஏசுற பக்கத்த மட்டும் வெச்சுக்கோ. அந்தப் பொம்பளைக்கு ஏசத் தெரியா.'

எனக்குச் சிரிப்பு வந்தது. அழிப்பதை நான் செய்கிறேன் என்றேன். விடவில்லை. அவளே காலால் அழித்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் நிச்சயமா என்று டெப் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஓம் என்று அமுக்கினாள். நான் பக்கத்தில் இருந்தேன். நடுவில் வாப்பா எட்டிப் பார்த்து, "என்ன நடக்குது?" என்றார். "சோதனைக்கு ஆயத்தம்" என்றேன்.

பரீட்சை மாரியில் வந்தது. முதல் நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுக்கென்று ஒதுக்கிய தனி அறை வாசலுக்கு நேரே தெரியும். கேற்று வரை நான் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்து பியோன் தள்ளிக்கொண்டு போனார். எழுத வந்தவர் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்து இளம் டீச்சர், அவளை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கண்டிருந்தார். சுவிச்சை எங்கே வைப்பது, கால் நழுவினால் என்ன செய்வது என்று நான் கேற்றுக்கு வெளியே நின்று அவசரமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். விளங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அறைக்குள் டெப்புக்குச் சத்தம் போட அனுமதி இல்லை. திரையில் வருவதை அவர் பார்த்து எழுத வேண்டும்.

மற்றப் பிள்ளைகளின் உம்மாமாரோடு குடைக்குக் கீழே நின்றேன். வீட்டுக்குப் போ என்று உம்மா சொல்லியிருந்தா. போகவில்லை. பாதி நேரம் போயிருக்கும், அந்த டீச்சர் தனியாக வெளியே வந்தார். விறாந்தையில் நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார். தங்கச்சி உள்ளே தனியாக. வலிப்பு வந்துவிட்டதா, கதிரை சாய்ந்துவிட்டதா, இனி ஏலாது என்று எழும்பி வந்துவிட்டாரா? கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் அவளுடைய சோதனையே நின்றுபோகலாம். வாயைத் திறக்கவில்லை. டீச்சர் போத்தலில் இருந்து தண்ணீர் குடித்தார். திரும்ப உள்ளே போய்விட்டார்.

கடைசியாகத்தான் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அவளுடைய முகம் வெளுத்திருந்தது, காலரெல்லாம் எச்சிலில் நனைந்திருந்தது, வேலை ஓய்ந்த பிறகும் இடது கால் துடித்துக்கொண்டிருந்தது. குடையை அவளுக்கு மேல் பிடித்து, டெப்புக்குச் சத்தத்தைப் போட்டு, முன்னால் வைத்தேன்.

"அந்த மிஸ் என்னத்துக்கு நடுவுல வெளிய வந்தா?"

களைப்பில் நிறைய நேரம் எடுத்தாள். மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது. நான் அவளுடைய முழங்காலில் கை வைக்கவில்லை.

"நான்தான் அனுப்பினன்" என்றாள் இந்தியப் பெண். "நான் வசனத்த முடிக்க முந்தி அவ எழுதிட்டா. வெட்டிட்டு நான் சொன்னத எழுதச் சொன்னன். கோவிச்சிட்டா. தண்ணி குடிச்சிட்டு வாங்க எண்டு சொன்னன்."

"அவ எழுதினது சரியான விடையா இருந்திச்சா?"

கண்ணை மேலே தூக்கினாள்.

"பொறகு ஏன் வெட்டின?"

கோடு நகர்ந்தது. அவள் அமுக்கினாள்.

"அது அவட விடை" என்றாள்.

"நீ என்ன எழுதின?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே இருந்தாள்; சொல்லமாட்டாள். நான் டெப்பைப் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டுக் கதிரையைத் தள்ளத் தொடங்கினேன்.